ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறையில் இடமில்லை என்றவர்களுக்கு

அந்த ஆடியோவை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. "ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை, மோட்சத்துக்குப் போகாது, சுவரோரமா வெளிய வச்சுக்கங்க" என்று ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பங்குப் பேரவை, அதாவது நிர்வாகக் குழுவின் பொறுப்பாளர் ஒருவர் குழந்தையின் அப்பாவிடம் சொல்கிறார். இன்குபேட்டரிலேயே இருந்து இறந்துபோன குழந்தை. பின்னால் அம்மாவின் அழுகை கேட்கிறது. அதைக் கேட்ட பிறகும் "அவர் திருச்சபைச் சட்டத்தைத்தானே சொன்னார்" என்று கமெண்ட் போடுகிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

அது சட்டம் இல்லை. ஒரு காலத்தில் சட்டமாக இருந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1239-ஆம் எண், ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றது. அப்படிப்பட்டவர்களைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே தனியிடம் வேண்டும் என்றது 1212-ஆம் எண். நம் ஊர்களில் சுவரோரம் இருக்கிற அந்த மூலைக்கு வேர் அங்கேதான். 1983-இல் புதிய தொகுப்பு வந்ததும் பழையது போய்விட்டது. இப்போது நடப்பில் உள்ளது 1183-ஆம் எண், இரண்டாம் பத்தி: பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் குழந்தை இறந்துவிட்டால், ஆயர் அனுமதியோடு முழு அடக்கச் சடங்கு நடத்தலாம். திருப்பலிப் புத்தகத்திலேயே அப்படிப்பட்ட குழந்தைக்கென்று தனி மன்றாட்டுகள் இருக்கின்றன. நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு தகப்பனிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

சரி, சட்டத்தை விடுங்கள். "மோட்சத்துக்குப் போகாது" என்பதாவது திருச்சபையின் போதனையா? அதுவும் இல்லை. புனித அகுஸ்தினார், பிறப்புப் பாவத்தை மறுத்த பெலாஜியர்களோடு வாதிட்ட காலத்தில், இந்தக் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக மிக இலேசானது என்றார். அது நெஞ்சுக்கு ஒப்பாமல்தான் இடைக்கால இறையியலாளர்கள் லிம்போ என்ற ஒரு தனி நிலையை முன்வைத்தார்கள். அங்கே துன்பம் இல்லை, இயற்கையான மகிழ்ச்சி உண்டு, கடவுளை நேருக்கு நேர் காண்பது மட்டும் இல்லை என்றார் தாமஸ் அக்குவினாஸ். இதைத் திருச்சபை ஆயர்கள் கூடுகிற எந்தப் பொதுச்சங்கமும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. 1992-இல் வந்த, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்கிற மறைக்கல்வி ஏட்டில் லிம்போ என்ற பேச்சே கிடையாது. அதன் 1261-ஆம் எண் இந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது, "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்ற ஆண்டவரின் வார்த்தையை அங்கே எடுத்துச் சொல்கிறது. 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அனுமதியோடு பன்னாட்டு இறையியல் குழு வெளியிட்ட அறிக்கை, இவர்கள் மீட்படைவார்கள் என நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்கிறது. உறுதியாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. நம்ப இடமுண்டு என்கிறது. உரோமைத் தலைமையே இவ்வளவு பணிவாகப் பேசுகிற இடத்தில் பங்குப் பேரவைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த நிச்சயம்?

யோவான் 3:5-ஐத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். தண்ணீராலும் ஆவியாலும் பிறவாதவர் இறையாட்சிக்குள் நுழைய முடியாது. எனக்கும் அந்த வசனம் மனப்பாடம். டிசம்பர் 28-ஆம் தேதி யாருக்குத் திருவிழா எடுக்கிறோம்? ஏரோது வெட்டிய பெத்லகேம் குழந்தைகளுக்கு. அவர்களில் எந்தக் குழந்தையின் தலையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனுக்கு எந்தப் பங்கில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது? மறைக்கல்வி ஏட்டின் 1257-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் ஞானஸ்நானம் போன்ற தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல.

"அப்போ ஞானஸ்நானமே வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டும். உண்மையிலேயே அக்கறை இருந்தால் இதைக் கற்றுக்கொடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் குருவுக்காகக் காத்திருக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணம் இருந்தால், இந்துவான நர்ஸ் கொடுத்தாலும் செல்லும். சாதாரணத் தண்ணீர் போதும். இன்குபேட்டர் குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டு ஊசிக்குழாயில் சில துளி. தலையில் தோல்மேல் தண்ணீர் ஓட வேண்டும், ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்தால் சந்தேகத்துக்கு இடமாகும். தண்ணீர் விடுகிறவரே சொல்ல வேண்டும்: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." "நாங்கள்" என்று சொன்னால் செல்லாது, 2020-இல் உரோமை அதைத் தெளிவுபடுத்திவிட்டது. எண்ணெய், மெழுகுவர்த்தி, ஞானப்பெற்றோர் எதற்கும் காத்திருக்க வேண்டாம். பிறகு பங்கில் தகவல் சொல்லிப் பதிய வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டால் விட்டுப்போன சடங்குகளைக் கோவிலில் நிறைவு செய்வார்கள், மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். இறந்த பிறகு கொடுக்க முடியாது.

முன்பு கத்தோலிக்க ஊர்களில் மருத்துவச்சிகளுக்கு இந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார்கள். இன்று திருமணத் தயாரிப்பு வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிற பங்கு எத்தனை? அந்தத் தாய்க்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தார்களா? சொல்லிக்கொடுக்காதவர்கள்தான் இன்று அவளைப் பார்த்து "ஏம்மா தாமதிச்சே" என்கிறார்கள். பிரசவ வலியோடு கிடந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது?

குழந்தை ஞானஸ்நானமே செல்லாது என்று பெந்தகோஸ்தே நண்பர்கள் சிலர் இடையில் புகுந்தார்கள். அது வேறு விவாதம், இந்தச் சாவு வீட்டில் வேண்டாம்.

கடைசித் தீர்வையைப் பற்றி ஆண்டவரே விரித்துச் சொன்ன இடம் மத்தேயு 25. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, அந்நியனை ஏற்றுக்கொண்டாயா, நோயாளியைப் பார்க்கப் போனாயா என்பதுதான் அங்கே கேள்வி. கல்லறைத் திருநாளன்று எல்லாக் கல்லறையையும் மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்துவிட்டு அந்த மூலைப் பக்கம் மட்டும் போகாமல் திரும்புகிற வழக்கத்தை யாராவது அங்கே நியாயப்படுத்த முடியுமா? சுவருக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு யாரும் பார்ப்பதற்குள் நகர்ந்துவிடுகிற அம்மாக்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். மோட்சத்தின் சாவியை ஆண்டவர் பேதுருவிடம் கொடுத்தார். பேரவைச் செயலாளரிடம் கொடுக்கவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள் இதைப் படித்தால்: ஆயர் இல்லத்துக்குப் போன் செய்து ஆயருக்கு அடுத்த பொறுப்பில் இருக்கிற குருகுல முதல்வரிடம் பேசுங்கள். 1183, இரண்டாம் பத்தி என்று எண்ணோடு சொல்லுங்கள். ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தோம் என்பதைப் பெற்றோர் கைப்படக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். புதைத்தாகிவிட்டது என்றாலும் குருவானவர் அந்த இடத்துக்கே வந்து மண்ணை மந்திரித்து மன்றாடத் தடை ஏதும் இல்லை. கேளுங்கள், மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.