கண்மாய்க்குள்ளே ஸ்டம்ப்

கிராமத்து கிரிக்கெட் வெறும் பொழுதுபோக்கு என்று முடியும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அதை என் மனசு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வற்றியதும் கண்மாய்தான் கிரவுண்ட். கருவேல முள்ளுக்குள் பந்து போனால் இரண்டு அணியும் சேர்ந்துதான் தேடும். ஒருமுறை எல்லைக்கோட்டுக்கு ஓடிய பந்தை ஆடு மறித்துவிட்டது. நாலா, ஒண்ணா என்று அரைமணி நேரம் பஞ்சாயத்து! கடைசியில் ஆடு மேய்த்த பெரியப்பாதான் "நாலு குடுங்கடா" என்று தீர்ப்பு சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

டென்னிஸ் பந்தை பேட்ஸ்மேன் காலடியில் இறக்கினால்தான் சிக்ஸர் போகாமல் தப்பலாம். சேலம் சின்னப்பம்பட்டியில் அந்தப் பந்தில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன்தான் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். இதையா பொழுதுபோக்கு என்பது?

மாசி பிறக்கட்டும், மறுபடி ஸ்டம்ப் ஊன்றுவோம்.