செப்புத் தகட்டுக் கடல் வரைபடத்தில் உள்ள ஆண்டு அச்சான ஆண்டு அல்ல

"தலைப்பில் 1804 என்று இருப்பதால் இந்தத் தாள் அந்த ஆண்டு அச்சானது, அன்றைய கரையைத்தான் காட்டுகிறது" என்று பழைய கடல் வரைபடம் ஒன்றைப் பற்றிச் சொல்வது சரியல்ல. பிரிட்டிஷ் அட்மிரால்டியின் (கடற்படை நிர்வாகத் துறையின்) கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் நீர்ப்பரப்பு அளவை அலுவலகம் 1795-இல் தொடங்கியது. அங்கே வரைபடத்தைச் செதுக்கி அச்செடுக்கும் ஒரு செப்புத் தகடு பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது சாதாரணம். தலைப்பில் உள்ள ஆண்டு பெரும்பாலும் அளவை எடுத்த ஆண்டையோ முதல் வெளியீட்டையோ குறிக்கும்.

மணல்திட்டு நகர்ந்தாலோ புதிய கலங்கரை விளக்கம் வந்தாலோ முழுத் தகட்டையும் புதிதாகச் செதுக்க மாட்டார்கள். பழைய கோட்டைச் சுரண்டி, தேய்த்து மெருகேற்றுவார்கள். அங்கே பள்ளம் விழும். அப்படியே விட்டால் மை தேங்கிக் கறையாக அச்சாகும். அதனால் காலிப்பரால் (இரு கால் கொண்ட அளவுகருவியால்) அதே புள்ளியைத் தகட்டின் பின்புறம் குறித்து, சுத்தியலால் தட்டி மேலே கொண்டுவந்து, புது ஆழ எண்களை இடவலம் மாற்றிச் செதுக்குவார்கள். அசாத்தியமான கைவேலை!

தேதி கணிக்க, முதலில் கீழ் ஓரத்தில் உள்ள திருத்தத் தேதிகளைப் பாருங்கள். பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி (தாள் செய்யும்போதே அதில் பதியும் அடையாளம்) காட்டும் ஆண்டைத் தேடுங்கள். அச்சு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மலைச்சரிவின் மெல்லிய கோடுகள் மங்கியிருந்தால் தகடு தேய்ந்த பிறகு எடுத்த பிரதியாக இருக்கலாம், ஆனால் மை குறைவாக இருந்தாலும் அப்படித் தெரியும். சுரண்டல் தடம் பெரும்பாலும் துறைமுக வாயிலில்தான் கிடைக்கும், உருப்பெருக்கியை அங்கே வையுங்கள்.

தூரத்தை அளப்பவர்களுக்கு ஒன்று: ஈரத்தாளில் அச்சடித்ததால் காய்ந்ததும் தாள் சுருங்கும், அதுவும் இரு திசையிலும் ஒரே அளவில் அல்ல.