ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருப்பது

செய்தியில் விளம்பரம் வந்ததும் கிரிக்கெட் பக்கம் போகலாம் என்று ரிமோட்டை அழுத்தினால், திரை கறுத்து நிற்கிறது. பொறுமை இழந்து மீண்டும் அழுத்தினால் இரண்டையும் சேர்த்து எண்ணி, வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தினமும் இதே கூத்துத்தான்.

இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய 1982ஆம் ஆண்டுக் காலத்து அன்டெனாவில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும், அலைவரிசையை மாற்றிய கணமே தெரிந்தது. டிஜிட்டலில் முழுப் படம் இடைக்கிடைதான் வருகிறது; நடுவில் வருபவை மாற்றங்கள் மட்டுமே. அடுத்த முழுப் படம் வரும்வரை டிவியோடு இணைத்திருக்கும் டிஜிட்டல் பெட்டி (செட்-டாப் பாக்ஸ்) காத்திருக்க வேண்டும். கட்டண அலைவரிசை என்றால் பூட்டைத் திறக்கும் நேரமும் சேர்கிறது. சரி, புரிகிறது. ஆனால் முழுப் படங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நீட்டுவதா குறைப்பதா என்பதை மனிதர்கள்தானே தீர்மானிக்கிறார்கள்? நீட்டினால் அதே அலைக்கற்றையில் இன்னும் சில அலைவரிசைகளைத் திணிக்கலாம். பழைய மலிவுப் பெட்டிகள் வேறு இதை மேலும் இழுத்தடிக்கின்றன.

எங்கள் அம்மம்மா பார்ப்பது நான்கைந்து தமிழ் அலைவரிசைகளை மட்டும். திரை கறுத்ததும் பெட்டி பழுதாகிவிட்டதென்று பயந்து என்னைக் கூப்பிடுகிறார். யாரும் பார்க்காத அலைவரிசைகளுக்காக அவரை ஏன் இப்படி அலைக்கழிக்க வேண்டும்? தொலைக்காட்சிச் சேவை நிறுவனத்தாரே, அலைவரிசைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பெட்டியை மாற்றித் தாருங்கள். மாதக் கட்டணம் வாங்குகிறீர்கள் அல்லவா?