ஹொலிஹொக்கும் ஒரு கப்பல்தான்

ஏப்ரல் 9 பற்றிய அந்தப் பதிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பாதிப் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். 1942இல் எங்கள் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்களின் கதை. ஹெர்மிஸ் விமானம் தாங்கிக்கு ஐந்து பந்தி. அவுஸ்திரேலியரின் வம்பயர் நாசகாரிக்கு ஒரு பந்தி. கடைசி வரியில் "மற்றும் சில சிறு படகுகள்".

நான் மரியாதையாகத்தான் கேட்டேன். "அண்ணை, அன்று ஹொலிஹொக் என்ற கொர்வெட்டும் மூழ்கியது, பெயரையாவது சேர்த்துவிடுங்கள்." அவ்வளவுதான். கொர்வெட் என்றால் சரக்குக் கப்பல்களுக்கு வழித்துணை போகும் சிறிய போர்க்கப்பல். அதற்கு வந்த பதில்: "அது சும்மா காவலுக்குப் போன கப்பல் தம்பி. ஒன்றையும் அடிக்கவில்லை. எழுத என்ன இருக்கு?" அதன் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதில் சிரித்த இரண்டு பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்.

மூன்று நாளாக அந்த "சும்மா காவலுக்கு" என்ற சொல் என்னை விடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் படகு என்ற சொல். 205 அடி நீளம், 900 தொன்னுக்கு மேல் எடை, முன்னால் நான்கு அங்குலப் பீரங்கி, பின்னால் கடலுக்குள் உருட்டிவிட வரிசையாக நீர்க்குண்டுகள், எண்பது பேரளவில் ஆட்கள். இதை எங்கள் ஊரில் யாராவது படகு என்பார்களா? ஹெர்மிஸுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதுதான். எதுவும் அதன் பக்கத்தில் சிறியதுதான்.

இந்த வகைக் கப்பல்களுக்குப் பிளவர் வகுப்பு என்று பெயர். 1939இல் யுத்தம் வாசலுக்கு வந்துவிட்டது, பிரித்தானியாவிடம் வழித்துணைக் கப்பல்கள் போதாது. நாசகாரி கட்டக் காலமும் காசும் வேண்டும், தேர்ந்த கப்பல் தளமும் வேண்டும். அப்போது ஸ்மித்ஸ் டொக் நிறுவனத்தின் வில்லியம் ரீட், தாங்கள் முன்பு கட்டிய சதர்ன் பிரைட் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை அடிப்படையாக வைத்துப் புதிதாக ஒன்றை வரைந்து கொடுத்தார். போர்க்கப்பல் கட்டிப் பழகாத சிறிய தளங்களும் கட்டக்கூடியது. உள்ளே பழைய முறை நீராவி இயந்திரம், கப்பலைத் தள்ள ஒரே ஒரு சுழல்விசிறி. வணிகக் கப்பலில் வேலை செய்தவர்களுக்குப் பழகிய இயந்திரம்தான். பிரித்தானியாவிலும் கனடாவிலுமாக இருநூற்றைம்பதுக்கு மேல் கட்டினார்கள். பிரித்தானியக் கப்பல்களுக்குப் பூக்களின் பெயர். கிளடியோலஸ், சினியா, சன்ஃபிளவர் என்று. ஹொலிஹொக் எங்கள் செவ்வரத்தையின் குடும்பத்துப் பூ. எங்கள் வீட்டில் செவ்வரத்தை வேலியோரம்தான் நின்றது.

சரி, "ஒன்றையும் அடிக்கவில்லை" என்பதற்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

கொர்வெட்டின் உச்ச வேகம் 16 நொட். யேர்மன் நீர்மூழ்கி கடல்மட்டத்துக்கு மேலே வந்து ஓடினால் 17 நொட்டுக்கு மேல். அதாவது துரத்த வேண்டிய கப்பலைவிடத் துரத்தப்படுவது வேகம் கூடியது. இதைக் காட்டித்தான் சிலர் உதவாத கப்பல் என்கிறார்கள். ஆனால் அதே நீர்மூழ்கி தண்ணீருக்குள் போய்விட்டால் ஏழெட்டு நொட்டுக்கு மேல் ஓட முடியாது. அந்த வேகத்திலும் கனநேரம் ஓடினால் பற்றரி தீர்ந்துவிடும். ஆகவே கொர்வெட் அதைக் கொல்ல வேண்டும் என்றில்லை. கண்டவுடன் அதை நோக்கி ஓடி, தண்ணீருக்குள் தள்ளி, இரண்டு மூன்று மணித்தியாலம் தலை தூக்க விடாமல் வைத்திருந்தால் போதும். அதற்குள் அது காத்து வரும் நாற்பது சரக்குக் கப்பல்களும் கடந்து போய்விடும். இதுதான் அந்தக் கப்பலின் வேலை. அன்றிரவுக் குறிப்பேட்டில் "மூழ்கடித்தது: இல்லை" என்று இருக்கும். கரையில் நாற்பது கப்பல் கோதுமையும் எண்ணெயும் இறங்கியிருக்கும்.

காவல் கப்பலை அது அடித்ததை வைத்து அளக்காதீர்கள். அது காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்ததை வைத்து அளந்து பாருங்கள்.

1943 மே மாதம், ஓஎன்எஸ் 5 என்ற தொடரணி, அதாவது காவலோடு கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்கள். பெரிய சண்டை. ஸ்னோஃபிளேக், சன்ஃபிளவர், லூஸ்ஸ்ட்ரைஃப், பிங்க் என்று நான்கு கொர்வெட்டுகள் அதில் இருந்தன. பிங்குக்குக் கிடைத்த வேலை, புயலில் பின்தங்கிப்போன சில கப்பல்களைத் தனியாகக் கூட்டி வருவது. வழியில், ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் அதன் அஸ்டிக் கருவிக்கு ஒரு நீர்மூழ்கியின் எதிரொலி கிடைத்தது. மிகத் தெளிவான எதிரொலி. பிங்க் விலகிப் போய்க் குண்டு மேல் குண்டாகப் போட்டுத் தாக்கியது. அது அங்கே நிற்கும்போது, விட்டுவிட்டு வந்த கூட்டத்திலிருந்த வெஸ்ட் மடகெற் என்ற கப்பலை இன்னொரு நீர்மூழ்கி அடித்தது, அது தப்பவில்லை. இதை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடிக்கப் போனால் காவல் போச்சு, காவலில் நின்றால் "ஒன்றையும் அடிக்கவில்லை" என்ற பெயர். அந்தக் கப்பல் மேல்தளத்தில் நின்ற மனிதன் இதில் எதைத் தெரிந்தெடுப்பான்?

இன்னொன்று. கனடாவின் ஸ்பைக்கனார்ட். 1942 பெப்ரவரியில் ஓர் இரவு அட்லாண்டிக்கில் அடிபட்டு மூழ்கியது. கூட வந்த தொடரணிக்கு விடியும்வரை அது தெரியாது. தப்பியவர்கள் எட்டுப் பேர். கூட்டத்தின் ஓரத்தில் காவலுக்கு நிற்பவன் இல்லாமல் போனதைக் கூட்டம் கவனிக்கவே இல்லை. எண்பது வருடம் கழித்து நாங்களும் அதையேதான் செய்கிறோம்.

இவ்வளவும் உனக்கு ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா இருபத்திரண்டு வருடம் ஒரு நெல் களஞ்சியத்தில் இரவுக் காவல். மாலை ஆறு மணிக்கு டோர்ச்சும் தேத்தண்ணிப் போத்தலும் கொண்டு சைக்கிளில் போவார், விடிய வருவார். பகலில் நாங்கள் வீட்டுக்குள் மெதுவாகக் கதைத்துத்தான் வளர்ந்தோம். அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார்கள். கணக்குப் பார்த்தவருக்கும் மேற்பார்வையாளருக்கும் வாழ்த்துமடல் வாசித்தார்கள். அப்பாவுக்கு ஒரு சால்வை மட்டும். மடல் எழுதியவர் பிறகு எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கட அப்பாவின்ர காலத்தில ஒண்டுமே நடக்கேல்லையே, என்னத்தை எழுதுறது?" அப்பாவும் கூடவே சிரித்தார். வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து அலுமாரியில் வைத்தார். பிறகு அதை எடுக்கவே இல்லை. ஒன்றும் நடக்காததற்கு இருபத்திரண்டு வருட நித்திரை போனது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே "சும்மா காவலுக்கு" என்று யாராவது எழுதினால் எனக்குச் சுடும்.

இனி நீங்கள் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். "வெள்ளைக்காரனின் கப்பலுக்கு ஏன் அழுகிறாய்?" ஹெர்மிஸ் யாருடைய கப்பல்? அதற்கு ஐந்து பந்தி எழுதும்போது வராத காலனித்துவம் ஹொலிஹொக்கின் பெயரைச் சேர்க்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? ஏகாதிபத்தியத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பர்மா விழுந்தவுடன் எங்கள் நாட்டுக்கு வந்த அரிசி நின்றது, கூப்பன் வந்தது. அம்மம்மா மரவள்ளிக்கிழங்கோடு கழித்த வருடங்களைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அந்த நாட்களில் வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு மூட்டையும் கடலைக் கடந்துதான் வந்தது. கடலில் ஒருவன் விழித்திருக்க வேண்டியிருந்தது. இந்தியக் கடற்படையிலும் இதே வகுப்புக் கப்பல்கள் ஓடின, அசாம், சிந்து, மராத்தா என்ற பெயர்களில்.

"எங்கள் சாவுகளுக்கே கணக்கில்லை, உனக்கு 1942 கேட்குதா?" இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை. எங்கள் தெருவிலேயே பெயர் எழுதப்படாதவர்கள் இருக்கிறார்கள், அதை நீங்கள் எனக்கு நினைவூட்ட வேண்டாம். ஆனால் பெயர் விடுபட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஊர் நாங்கள். "மற்றும் சிலர்" என்ற சொல்லை எத்தனை அறிக்கையில் வாசித்திருக்கிறோம்? அதே சொல்லை நாங்களே இன்னொருவருக்கு எப்படி எழுதுகிறோம்? இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு இப்போது முடியவில்லை.

"சுற்றுலாவுக்கு ஹெர்மிஸ்தான் பெயர், சுழியோட வருபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றும் ஒருவர் உள்பெட்டியில் எழுதியிருந்தார். விளம்பரத்துக்கு அது சரி. நினைவுநாள் பதிவுக்கு இல்லை.

போன கோடையில் கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். இந்த வகுப்பில் உலகத்திலேயே இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கப்பல், சக்வில். 1941 டிசம்பரில் சேவைக்கு வந்தது. அங்கே துறைமுகத்தில் வெள்ளையும் வெளிர்நீலமும் பூசி நிற்கிறது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆட்கள் தூங்கிய இடத்துக்கு இறங்கிப் பார்த்தோம். எங்கள் ரொறன்ரோ வீட்டு இருப்பறையைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் ஊஞ்சல் படுக்கை கட்டி அத்தனை பேர். இந்த வகுப்பின் ஆரம்பக் கப்பல்களில் சமையலறை ஓரிடம், ஆட்கள் இருக்கும் இடம் இன்னோரிடம். நடுவில் திறந்த தளம். அலை அடிக்கிற அந்த வெளியால் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வந்து சேரும்போது சோறோ கறியோ உப்புத்தண்ணீர்தான். ஈரப் புல்லில் விட்டாலும் உருளும் கப்பல் என்று அதில் போனவர்களே சொன்னார்களாம். போனவர்களில் பலர் அதற்கு முன் கடலையே காணாத பொடியன்கள்.

மகள் கேட்டாள், "அப்பா, இது எத்தனை கப்பலை அடிச்சது?" அவளும் அதைத்தான் கேட்டாள். கோபிக்கவில்லை, அவளுக்கு ஒன்பது வயது. 1942 ஓகஸ்டில் ஒரு தொடரணிக்குக் காவல் போனபோது நீர்மூழ்கிகளோடு மோதிச் சேதப்படுத்தித் துரத்தியது, ஒன்றையும் மூழ்கடிக்கவில்லை என்று சொன்னேன். "அப்ப ஏன் வைச்சிருக்கினம்?" என்றாள். நான் தாத்தாவின் டோர்ச்சைப் பற்றிச் சொன்னேன்.

ஹொலிஹொக் அன்று அத்தெல்ஸ்டேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக வந்தது. திருகோணமலையில் குண்டு விழப்போகிறது என்று கப்பல்களைத் தெற்கே அனுப்பியிருந்தார்கள். விமானங்கள் வந்தபோது, நீர்மூழ்கிக்கென்று கட்டிய அந்தக் கப்பலிடம் வானத்துக்கு எதிராகப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. எண்ணெய்க் கப்பலும் போனது, காவலும் போனது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலும் அன்று போனது. ஹொலிஹொக்கின் ஆட்களில் பெரும்பாலானோர் அதோடு போனார்கள். பாலமீன்மடுவில் அம்மப்பா அப்போது சின்னப் பொடியன். மழைக்குணம் இல்லாத பகலில் கடலுக்குள் இடி இடித்தது என்று சொல்வார். எந்த இடி எந்தக் கப்பல் என்று அவருக்குத் தெரியாது.

அண்ணை, நான் ஐந்து பந்தி கேட்கவில்லை. அந்தக் கடைசி வரியில் "சில சிறு படகுகள்" என்பதை எடுத்துவிட்டு ஹொலிஹொக், அத்தெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்று போடுங்கள். மூன்று பெயர், ஒரு நிமிட வேலை. இன்று காலையும் போய்ப் பார்த்தேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது.