பேக்கனுக்கு ஜால்ரா போடாத பியர்

நம் ஊரில் பியருக்கு சைடிஷ் என்றால் ஒரு பொட்டலம் மிக்சர், அவித்த வேர்க்கடலை, மிஞ்சிப்போனால் சிக்கன் 65. எதற்கு எது சேரும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்துப் போர்ட்லாண்டுக்கு வந்த பிறகு இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கெட்டுப்போனேன்.

போன சனிக்கிழமை வீட்டில் ஐந்து பேர். மிளகு தடவியது, மேப்பிள் பாகு பூசியது, ஹலபேன்யோ மிளகாய் போட்டது என்று மூன்று வகை பேக்கன். கூடவே சில கிராஃப்ட் பியர்கள். ஆளுக்குச் சின்ன கிளாஸ்.

பேக்கன் சாப்பிடாதவர்களுக்கு: பன்றியின் வயிற்றுப்பகுதிக் கறியை உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்து, ஹிக்கரி, ஆப்பிள் மாதிரி மரங்களின் புகை காட்டி, மெலிதாகச் சீவியது. நம் உப்புக்கண்டத்துக்குப் பங்காளி. வெயிலுக்குப் பதில் புகை, அவ்வளவுதான்.

வாணலியில் போட்டால் சுருண்டுகொள்ளும், அடுப்பெல்லாம் கொழுப்பு தெறிக்கும். ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வைப்பதே நிம்மதி. மேப்பிளை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும். ஓரத்தில் பாகு குமிழ்விட ஆரம்பித்தால், பொன்னிறம் கருப்பாக ஒரு நிமிடம் போதும். நான் பாட்டில் திறக்கப் போன நேரத்தில் ஒரு தட்டு கருகி, புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டு நாய் குரைத்து... சரி, விடுங்கள்.

ரொம்ப புத்திசாலித்தனம் என்று நினைத்து முதலில் வைத்தது ஜெர்மனியின் பாம்பெர்க் ஊர் ஷ்லெங்கர்லா பியர். பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், செய்வது. மூடியைத் திறந்ததுமே பேக்கன் வாசம். புகைக்குப் புகை என்பது என் கணக்கு. மிளகு பேக்கனைக் கடித்து ஒரு வாய் குடித்தோம், பேக்கனைக் காணோம்! இரண்டாவது துண்டு வெறும் உப்பு அட்டை. மூக்கு அதற்குள் புகைக்குப் பழகிவிட்டது.

என் கட்சி இதுதான். உப்பு, கொழுப்பு, புகை, அதற்கு மேல் மசாலா என்று பேக்கன் ஏற்கனவே சத்தமாகப் பேசுகிற ஆள். பக்கத்தில் எதிர்த்துப் பேசுகிற பியர் வேண்டும். 2011-ல் எங்கள் ஒரிகானின் ரோக் நிறுவனம், வூடூ டோனட் கடையின் பிரபலமான பேக்கன் மேப்பிள் டோனட்டை வைத்து ஒரு ஏல் (பியரில் ஒரு வகை) கொண்டுவந்தது. பேக்கனைக் கொண்டுபோய் பியருக்குள்ளேயே போட்டுவிட்டால் கடிக்க என்ன மிச்சம்? எனக்கு அந்த யோசனையே ஒட்டவில்லை.

அதே மிளகு பேக்கனுக்கு அப்புறம் சியரா நெவாடா பேல் ஏல் ஊற்றினேன். பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது ஹாப் என்ற பூ. அதில் போடும் கேஸ்கேட் ஹாப், எங்களுக்குப் பக்கத்துக் கோர்வாலிஸில் உருவாக்கி 1972-ல் வெளியிட்ட ரகம். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளின மாதிரி வாசம். நாக்கில் படிந்த கொழுப்பை அந்தக் கசப்பும் நுரையும் வழித்துக்கொண்டு போக, அடுத்த கடியும் முதல் கடி மாதிரியே இருந்தது.

மேப்பிளுக்கு பிளாக் பியூட் போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பியர். ஒரிகானின் பெண்ட் ஊரில் 1988-லிருந்து காய்ச்சுகிறார்கள். காபி மாதிரி வறுபட்ட கசப்பு, பாகின் இனிப்பை ஒரு தட்டு தட்டி உட்காரவைக்கும். இதை 20 நிமிடம் முன்பே ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள், ஜில்லென்று இருந்தால் வாசமே வராது. இனிப்புக்கு இனிப்பு என்று மில்க் ஸ்டவுட் (பால் சர்க்கரை சேர்த்த கருப்பு பியர்) பக்கம் போனால் தெவிட்டிவிடும்.

ஹலபேன்யோவில்தான் மாட்டிக்கொண்டோம். காரத்தோடு நல்ல கசப்பான ஐபிஏ, அதாவது ஹாப் தூக்கலான ஏல். "காரமெல்லாம் நமக்கு ஜுஜுபி" என்ற நண்பர் இரண்டாவது வாயிலேயே நெற்றியைத் துடைத்தார். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் ஹாப் கசப்பும் கிளறிவிடும். எதிர்த்துப் பேசச் சொன்னால் இது கைகலப்பில் இறங்கிவிட்டது. கசப்பு குறைந்த கோதுமை பியர் வைத்திருக்க வேண்டும், வாங்க மறந்தது என் தப்பு. மனிதர் ஃப்ரிஜ்ஜைத் திறந்து, நின்றபடியே அரை டப்பா தயிரை வழித்துச் சாப்பிட்டார்.

மீந்த இரண்டு துண்டு ஹலபேன்யோவை மறுநாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டேன். பியர் தேவைப்படவில்லை.