புழுங்கல் அரிசி சீக்கிரம் வேகாது
‘புழுங்கல் அரிசி ஏற்கெனவே பாதி வெந்தது, அதனால் சீக்கிரம் வேகும்’ என்று சொல்வது நேர்மாறு. ஊறிய நெல்லில் ஈரம் 30 சதவீதம் அளவுக்கு ஏறியபின் ஆவி காட்டும்போது மாவுச்சத்துத் துகள்கள் உப்பி, உருக்குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதியான அமைலோஸ் இறுகிவிடும். அதனால்தான் பச்சரிசியைவிட வேக நேரமாகும், சோறும் குழையாது. ஊறல் போதாவிட்டால் அரிசியின் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் மாவுச்சத்து வேகவே இல்லை என்று அர்த்தம். அரவையில் அரிசி உடைந்து குருணையாகும் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் அவித்தது அல்ல, காயவைத்தது. ஈரம் 18 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்தி, சில மணி நேரம் குவித்து வைத்து, பிறகு 14க்குக் கொண்டுவர வேண்டும். நல்ல வெயில்தானே என்று ஒரே மூச்சில் காயவிட்டால் உள்ளே விரிசல் விட்டு அரவையில் நொறுங்கும்.