கேட்டையும் அசுவினியும் மோதிய தேர்தல்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்டம் போட்டுப் பலன் சொல்கிற நம்ம ஊர் ஜோசியர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் பாக்கி நிற்கிறது. 2024 நவம்பர் 5-ம் தேதிக்கு முன்னால் என் போனில் வந்து விழுந்த வீடியோக்களில் சிலர் கமலா ஹாரிஸ்தான் என்று அடித்துச் சொன்னார்கள், சிலர் டிரம்ப்தான் என்று தொடை தட்டினார்கள். முடிவு வந்த பிறகு தேடினால் கமலா என்றவர்களின் வீடியோக்கள் பல காணாமல் போயிருந்தன. டிரம்ப் என்றவர்கள் "அன்றே கணித்தோம்" என்று தங்களுக்குத் தாங்களே மாலை போட்டுக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், அந்த வருடம் ஜூலை வரைக்கும், எல்லாரும் பைடன் ஜாதகத்தைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21-ல் அவர் போட்டியை விட்டே விலகினார். "இவர் தேர்தல் நாளில் வேட்பாளராகவே இருக்க மாட்டார்" என்று அதற்கு முன் சொன்ன ஒரு ஜோசியரைக்கூட நான் பார்க்கவில்லை.

இதை ஒரு நாத்திகப் பதிவு என்று நினைத்துச் சிலர் இப்போதே கமெண்டில் கம்பு சுற்றத் தயாராகியிருப்பீர்கள். பொறுங்கள். நான் தாமிரபரணிக் கரைக்காரன். பாபநாசத்தில் சூரியன், சேரன்மகாதேவியில் சந்திரன், கோடகநல்லூரில் செவ்வாய் என்று ஆற்றோரமாகவே ஒன்பது கிரகத்துக்கும் ஒன்பது கைலாயம் வைத்திருக்கிற சீமை இது. மார்கழியில் நவகைலாயத்துக்குத் தனி பஸ்ஸே விடுகிறார்கள். எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பத்திரத்துக்கு மேலே இருப்பது மஞ்சள் தடவிய ஜாதக நோட்டு. பெண் பார்க்கப் போகுமுன் அது வெளியே வரும், வேலை முடிந்ததும் உள்ளே போகும். அதில் எனக்கு ஒரு சண்டையும் கிடையாது.

அந்தத் தேர்தல் சமயத்தில் சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான வயசான ஜோசியர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். போனது மச்சான் பெண்ணுக்குப் பொருத்தம் பார்க்க. வேலை முடிந்ததும் மச்சான் சும்மா இருக்காமல், போனில் இருந்த தேதியை வாசித்தான். "ஐயா, கமலா ஹாரிஸ், 1964 அக்டோபர் 20, ராத்திரி ஒம்பது இருபத்தெட்டு." பெரியவர் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. கண்ணாடிக்கு மேலாக மச்சானைப் பார்த்தார்.

"எந்த ஊர்ல பெறந்தாவ?"

"அமெரிக்கால, ஓக்லாந்துல."

"அப்பம் நமக்கு மறுநாள் காலைல பத்து மணி ஆயிருக்கும்லா? நேரத்த மாத்தாம போட்டா வேற பிள்ளைக்குல்லா ஜாதகம் எழுதுனதா ஆயிரும்."

இந்த இடம் முக்கியம், கொஞ்சம் நின்று பாருங்கள். அவர் சொன்னபடி கலிபோர்னியா நேரத்தை மாற்றினால் நம் கணக்கில் 21-ம் தேதி காலை 9.58. ஐப்பசிப் பௌர்ணமி, நட்சத்திரம் அசுவினி, மேஷ ராசி. மாற்றாமல் 20-ம் தேதி ராத்திரி என்றே நம்ம ஊருக்குக் கட்டம் போட்டால் சந்திரன் ஒரு ராசி பின்னால் நிற்கும்: ரேவதி, மீன ராசி. 2024-ல் சனி கும்பத்தில் இருந்தார். மேஷத்துக்கு அது பதினோராம் இடம், லாப ஸ்தானம், சனி இதைவிட நல்ல இடத்தில் உட்கார முடியாது. மீனத்துக்கோ அதே கும்பம் பன்னிரண்டாம் இடம், ஏழரைச் சனி. போதாக்குறைக்கு ராகு தலைமேலேயே. ஒரே அம்மாள், ஒரே பிறந்த நேரம். பன்னிரண்டரை மணி நேரத்தைக் கூட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு ஜோசியர் சிம்மாசனம் என்பார், இன்னொருவர் வனவாசம் என்பார். வீடியோவில் எத்தனை பேர் கூட்டினார்கள் என்று அந்த நவக்கிரகங்களுக்கே வெளிச்சம்.

அடுத்து டிரம்ப். 1946 ஜூன் 14, நியூயார்க்கில் காலை 10.54. நமக்கு அன்று இரவு எட்டரைக்குக் கொஞ்சம் முன். அதுவும் பௌர்ணமி, அதோடு அன்று நடுராத்திரியில் இங்கே பூரண சந்திர கிரகணம். நட்சத்திரம் கேட்டை, விருச்சிக ராசி. விருச்சிகத்துக்குக் கும்பத்துச் சனி நாலாம் இடம், அர்த்தாஷ்டமச் சனி. "வீடு வாசல் விட்டு அலைச்சல், வழக்கு, உடல் உபாதை" என்று ராசிபலன் புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அது. வெறும் கோசாரத்தை, அதாவது அப்போது கிரகங்கள் நின்ற இடத்தை, மட்டும் வைத்துப் பார்த்தால் கமலா ஜெயித்திருக்க வேண்டும். சனி பதினொன்றில், குரு இரண்டில். ஊரில் எந்த ஜோசியரிடம் பெயரைச் சொல்லாமல் இந்த இரண்டையும் காட்டினாலும் மேஷத்தைத்தான் கை காட்டுவார்.

முடிவு வந்தது. அங்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாநிலங்களின் தேர்வாளர்கள். டிரம்புக்கு 312 தேர்வாளர் வாக்கு, கமலாவுக்கு 226. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்று இழுபறி மாநிலங்கள் ஏழும் ஒரே பக்கம் சாய்ந்தன. உடனே விளக்கமும் வந்தது. டிரம்புக்குச் சிம்ம லக்னம், லக்னப் புள்ளி மகத்தில், மகம் ஜகத்தை ஆளும்லா! யோககாரகன் செவ்வாய் லக்னத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், குரு ஏழில் நின்று ராசியைப் பார்க்கிறார், ஜென்ம ஜாதகத்து இரண்டாம் வீட்டுக் குருவின் தசை வேறு நடக்கிறது. எல்லாம் சாஸ்திரப்படி சரிதான். ஆனால் 2020-ல் பைடனிடம் தோற்றபோதும் அதே மகம், அதே செவ்வாய், அதே குரு தசை. அதைக் கேட்டால், தசைக்குள் வரும் உட்பிரிவான புத்தியின் நாதன் சரியில்லை என்பார்கள். புத்தி சரியாக இருந்தால் அதற்குள் வரும் அந்தரம். கடைசிவரை மீசையில் மண் ஒட்டாது.

சேரன்மகாதேவிப் பெரியவர் இரண்டு கட்டத்தையும் அடுத்தடுத்து எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மேஷத்துக்கும் செவ்வாதான் ராசிநாதன், விருச்சிகத்துக்கும் செவ்வாதான். அன்னைக்கு அவன் கடகத்துல நீசம். தேர்தலும் செவ்வாக்கெழம. ரெண்டு பேரும் பௌர்ணமில பெறந்தவாவ. இதுல நான் யாரத் தூக்கிச் சொல்லட்டும்?" என்றார். பொருத்தத்துக்கு வாங்கின தட்சணையோடு சரி, இதற்கு ஒன்றும் வாங்கவில்லை. தொழில் தெரிந்த ஆள். தெரிந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு யூடியூப் சேனலும் இல்லை.

சும்மா ஒரு தகவலுக்கு: அந்தச் செவ்வாய்க்கிழமை 1845-ல் சட்டம் போட்டு வைத்தது. நவம்பரில் முதல் திங்கள் முடிந்து வரும் செவ்வாய். குடியானவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வண்டி கட்டி வந்து ஓட்டுப் போட்டு, புதன் சந்தைக்குள் திரும்ப வேண்டும் என்பதற்காக. செவ்வாயோ வெறுவாயோ என்று நாம் ஒரு பாத்திரம்கூட வாங்க யோசிக்கிற நாளில் அவர்கள் நாட்டையே தூக்கிக் கொடுக்கிறார்கள். பதவியேற்பும் ஜனவரி 20, பகல் பன்னிரண்டு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நல்ல நேரம் கெட்ட நேரம் பார்க்க வழியே இல்லை. நம்ம ஊரில் வேட்புமனு வாங்குகிற அறை வாசலில் ராகு காலம் முடியக் காத்து நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

அமெரிக்கர்கள் இதிலெல்லாம் சுத்தபத்தம் என்றும் நினைக்க வேண்டாம். 1981 மார்ச்சில் ரீகன் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு அவர் மனைவி நான்சி, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஜோன் குவிக்லி என்ற ஜோசியரிடம் கேட்டுத்தான் கணவரின் பயணத் தேதிகளை முடிவு செய்தார். வெள்ளை மாளிகையில் தலைமை அலுவலராக இருந்த டொனால்டு ரீகன் (பெயர்தான் கிட்டத்தட்ட ஒன்று, உறவில்லை) 1988-ல் தன் நினைவுக் குறிப்பில் இதைப் போட்டு உடைத்தார். நல்ல நாளுக்குப் பச்சை, கெட்ட நாளுக்குச் சிவப்பு, சந்தேகத்துக்கு மஞ்சள் என்று காலண்டரில் நிறம் அடித்து வைத்திருந்தாராம். இதைப் படித்தபோது எனக்குப் பெரிதாக அதிர்ச்சி இல்லை. அந்த அம்மாள் செய்தது முகூர்த்தம் பார்க்கிற வேலை. புருஷன் மேல் குண்டு பாய்ந்த பயத்தில் ஒரு பெண் தேடிய தைரியம். யார் ஜெயிப்பார் என்று ஊருக்கு அறிவிப்பது வேறு ஜாதி வேலை.

ஜோசியத்துக்கு ஆதரவாக ஒரு பலமான கேஸ் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குருவும் சனியும் இருபது வருடத்துக்கு ஒருமுறை சேரும். 1840, 1860, 1880, 1900, 1920, 1940, 1960 ஆகிய தேர்தல்களில் ஜெயித்த ஏழு பேருமே பதவியில் இருக்கும்போதே இறந்தார்கள். லிங்கன், கென்னடி எல்லாம் இதில் வருகிறார்கள். கேட்கவே சிலிர்க்கும். 1980-ல் ஜெயித்த ரீகன் மட்டும் குண்டடி பட்டும் பிழைத்தார். அந்தச் சேர்க்கை முந்தைய ஏழைப் போல மண் ராசியில் நடக்காமல் காற்று ராசியான துலாத்தில் நடந்ததால் தப்பித்தார் என்றார்கள் மேல்நாட்டு ஜோசியர்கள். நம்ம ஆட்களும் அதை அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் நாம் அயனாம்சம், அதாவது மேல்நாட்டு ராசிக் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள பாகை வித்தியாசம், கழித்துப் பார்க்கிறவர்கள். கழித்தால் அந்தச் சேர்க்கை கன்னியில் விழுகிறது. கன்னி மண் ராசி. ஆக நம் கணக்கில் ரீகன் பிழைத்திருக்கக் கூடாது. 2000-ல் சேர்க்கை மேல்நாட்டுக் கணக்கில் ரிஷபம், மண் ராசியேதான். புஷ் எட்டு வருடம் இருந்து வீட்டுக்குப் போனார். அப்புறம் 2020, பைடன். அவரும் 2025-ல் நடந்தேதான் வெளியே வந்தார்.

எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வியும் உண்டு. நம்மிடம் திருக்கணிதம், வாக்கியம் என்று இரண்டு வகை. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. அந்தப் பதினோரு மாதமும் மேஷ ராசிக்காரர்களுக்கு ஏழரை தொடங்கியதா இல்லையா? 2025 மார்ச்சில் திருநள்ளாறு கோவிலிலேயே, நாங்கள் வாக்கியம்தான், இப்போது பெயர்ச்சி இல்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. எங்கள் அத்தை மேஷ ராசி. இரண்டு தேதிக்கும் எள் தீபம் போட்டுவிட்டாள். குடும்பத்துக்கு அது சரி, இரண்டு விளக்கு எண்ணெய்தான் செலவு. தேர்தல் பலனில் இரண்டு விளக்கு ஏற்ற முடியாதே.

இன்னொன்று. அங்கே அதிக ஓட்டு வாங்கினவர்தான் ஜனாதிபதி என்றும் இல்லை. மொத்தம் 538 தேர்வாளர்கள், 270 கிடைத்தால் போதும். 2016-ல் ஹிலாரி கிட்டத்தட்ட 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோற்றார். 2000-ல் புளோரிடாவில் சுமார் 60 லட்சம் ஓட்டில் 537 ஓட்டு வித்தியாசம் நாட்டின் தலைவரை முடிவு செய்தது. ராசிநாதன் உச்சமா நீசமா என்பது அந்த 537-ஐ எப்படிப் பிடிக்கும்? ஹிலாரியின் ஜாதகத்தில் "ஜனங்கள் விரும்புவார்கள், பென்சில்வேனியா மட்டும் விரும்பாது" என்று எந்த வீட்டில் எழுதியிருக்கும்?

ஜோசியர்கள் மட்டுமா தப்பினார்கள், கருத்துக் கணிப்புக்காரர்களும்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், தப்பினார்கள். 'பதின்மூன்று சாவி' என்று பதின்மூன்று ஆம்-இல்லை கேள்விகளை வைத்துக் கணிக்கும் பேராசிரியர் ஆலன் லிக்ட்மன் 2024-ல் கமலா என்றார், தோற்றார். அயோவாவில் நல்ல பெயர் எடுத்த ஆன் செல்சரின் கடைசிக் கணிப்பு கமலா 3 புள்ளி முன்னிலை என்றது, டிரம்ப் அங்கே 13 புள்ளியில் ஜெயித்தார். இரண்டு பேரும் சொன்னது இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது, யாரும் அழிக்கவில்லை. எங்கே பிசகியது என்று அவர்களே உட்கார்ந்து பேசினார்கள். நம்ம ஆட்களிடம் நான் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

சோதித்துப் பார்க்க ஆள் இல்லாமலும் போகவில்லை. 2008-ல் வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் சிலரும் மகாராஷ்டிரத்தில் 27 ஜோசியர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, இது நன்றாகப் படிக்கும் பிள்ளையா, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையா என்று பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது சுமார் 46 சதவீதம். காசைச் சுண்டியிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். நம்ம நாட்டுத் தேர்தல் கமிஷனோ ஜோசியத்தை ரொம்ப மரியாதையாக நடத்துகிறது. வாக்குக் கணிப்பு வெளியிடத் தடை உள்ள நேரத்தில் ஜோசியர்கள், கார்டு பார்த்துச் சொல்கிறவர்கள் சொல்லும் முடிவுகளையும் வெளியிடக் கூடாது என்று 2017 மார்ச்சில் சுற்றறிக்கையே விட்டது.

அடுத்த தேர்தல் 2028 நவம்பர் 7. அதுவும் செவ்வாய்தான். வேட்பாளர் யாரென்றே தெரியாத இந்த நேரத்திலேயே வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். போடுகிறவர்கள் இந்தப் பதிவின் கமெண்டிலும் வந்து எழுதுங்கள். எந்தப் பஞ்சாங்கம், பிறந்த நேரத்தை மாற்றினீர்களா, யார் ஜெயிப்பார், எத்தனை தேர்வாளர் வாக்கு, பென்சில்வேனியா யாருக்கு, இவ்வளவும் வேண்டும். "பெரிய இடத்தில் மாற்றம்", "ஒரு தலைவருக்குக் கண்டம்" மாதிரியான பலன்களை எடுத்துக்கொள்ள மாட்டேன். நான் எதையும் நீக்க மாட்டேன். நீங்கள் பின்னால் வந்து திருத்தினால் முகநூலே பழைய வாசகத்தை எடுத்துக் காட்டிவிடும்.